குழாய்ப் பெட்டிக்குச் சந்தனப் பொட்டு

மீட்புச் சட்டத்தைக் கொண்டுவந்தவர்கள் நல்லவர்கள்தான். அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு பெருவெள்ளத்தில் குடும்பங்கள் திசைக்கொன்றாகச் சிதறி, பிள்ளை எந்த முகாமில், தாய் எந்த முகாமில் என்று தெரியாமல் ஜனங்கள் அலைந்ததைப் பார்த்துத்தான் அதை எழுதினார்கள். காணாமல்போன ஒருவரை, அவருக்கு எத்தனை வயதானாலும், பெற்றோரோ உடன்பிறந்தாரோ கேட்டால் அரசாங்கத்தின் எந்திரம் தேடிக் கொடுத்துவிடும். தேடப்படுகிறவரின் சம்மதம் வேண்டியதில்லை. வெள்ளத்தில் போகிறவனிடம் சம்மதம் கேட்டுக்கொண்டா இருக்க முடியும்?

வெள்ளம் வடிந்தது, சட்டம் மட்டும் வடியவில்லை. வீட்டை விட்டு ஓடியவர்கள், அடி தாங்காமல் போனவர்கள், பிடித்தவனைக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் எல்லோரும் 'காணாமல்போனவர்கள்' ஆனார்கள். பீளமேட்டில் ஒரு விடுதியில் தங்கியிருந்த பெண்ணை அவள் அப்பா இப்படித்தான் மீட்டுக்கொண்டு போனார். அந்த வாரமே அவளை எரித்துவிட்டார்கள். செய்தியில் வயிற்றுவலி என்று போட்டிருந்தது.

அந்த எந்திரத்தை எல்லோரும் 'மீட்பு' என்றே சொன்னார்கள். அதற்கு முகம் தேவையில்லை, போன் நம்பரும் தேவையில்லை. நாம் இணையத்தில் புழங்கும் விதமே அதற்குப் போதும். எவ்வளவு வேகமாகத் தட்டுகிறோம், எங்கே தயங்குகிறோம், ஒரு பக்கத்தைப் படிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறோம், எப்போது எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறோம் என்று எல்லாம் சேர்ந்து ஆளாளுக்கு ஒரு தினுசு இருக்கிறது. பெயரை மாற்றிக்கொள்ளலாம், மூக்குத்தியைக் கழற்றி வைக்கலாம், இதை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாது. பூரணியின் தினுசை அது அவள் காலேஜில் படிக்கும்போதே கற்று வைத்திருந்தது.

பூரணி காங்கயம் பக்கத்துப் பெண். கூடப் படித்த எபினேசரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் வேறு சாதி. அவள் வீட்டில் அதைச் சொல்லப் பயன்படுத்திய வார்த்தையை இங்கே எழுத எனக்குக் கை வரவில்லை. அவள் அண்ணன் சிபி, ஊர்ப் பொதுவில் நின்று, கண்ணில் பட்டால் எபினேசரைத் துண்டு போடுவேன் என்றான். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவர்கூட அவனை ஏனென்று கேட்கவில்லை.

கோவையில் லேத் பட்டறைகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் மாரண்ணன் வீதியில், நாச்சிமுத்துவின் பட்டறை மாடியில் இருவரும் குடியேறினார்கள். எபி கீழே எந்திரம் ஓட்டினான். பூரணி மேலே, கதவைச் சாத்திக்கொண்டு, ஏதோ ஒரு வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் எக்ஸ்ரே அறிக்கைகளைத் திருத்தும் வேலை பார்த்தாள். இணையமே வேண்டாமென்று ஒதுங்கி இருக்கலாமே என்று யாராவது கேட்கலாம். சம்பளம், வாடகை, ரேஷன், மருந்து எல்லாமே அதற்குள் போய்விட்ட காலத்தில் ஒதுங்கினால் பட்டினிதான்.

நாச்சிமுத்து பூரணியின் சாதிக்காரர்தான். "என்ற பொண்ணா இருந்திருந்தா நானும் குதிச்சிருப்பனோ என்னமோ. அடுத்தவங்க பொண்ணுங்கறதால புத்தி ஒழுங்கா வேல செய்யுது" என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். இந்த அளவுக்கு நேர்மையானவர்களே இப்போதெல்லாம் அபூர்வம்.

குடியேறிய அன்றே ஷாநவாஸை வரவழைத்தார். வீதிக்கு விபிஎன் போட்டுக்கொடுப்பவர் அவர்தான். பட்டறைகளுக்கு வெளிநாட்டுக் கம்பெனிகளிலிருந்து வரைபடங்கள் வரும். வழியில் எவனும் எட்டிப் பார்க்காமல் இருப்பதற்காக அவை விபிஎன் வழியாக வரும். வீதியில் அதற்குப் பெயர் குழாய். ஒவ்வொரு பட்டறையிலும் மீட்டர் போர்டுக்குப் பக்கத்தில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு குழாய்ப் பெட்டி, பச்சை விளக்கோடு மாட்டியிருக்கும்.

"மூணு வகை இருக்குதும்மா" என்றார் ஷாநவாஸ், மாடியில் புதுப் பெட்டியைப் பிரித்துக்கொண்டே. "பேரெல்லாம் வாய்ல நொழையாது, உடுங்க. எதுல போனாலும் உள்ள என்ன போகுதுன்னு மீட்பால படிக்க முடியாது. பூட்டு அத்தனையும் கெட்டி."

"அப்பறம் எதுல போனா என்னங்கண்ணா?" என்றாள் பூரணி.

"படிக்கத்தான் முடியாது, பாக்க முடியுமில்ல? லாரிக்குத் தார்ப்பாய் கட்டியாச்சு, உள்ள என்ன சரக்குன்னு தெரியாது. ஆனா லாரி எப்பக் கெளம்புது, எத்தன லோடு அடிக்குது, எங்க நின்னு டீ குடிக்குதுன்னு ரோட்டோரம் நிக்கறவனுக்குத் தெரியுமே. அத வெச்சே டிரைவர் யாருன்னு மீட்பு சொல்லிப்போடும்."

எபி குறுக்கே புகுந்தான். "புதுசு ஒண்ணு வந்திருக்காமேங்கண்ணா? படு வேகம்ங்கறாங்க."

"வேகந்தான் தம்பி, சும்மா பறக்கும். நல்ல சரக்கு, நான் குத்தம் சொல்லல. ஆனா அது பேச்ச ஆரம்பிக்க அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டருக்குக் கை குடுக்கற தினுசுலயே இன்ன வகைன்னு தெரிஞ்சு போகும். இந்த வீதில வேற எவன்கிட்டயும் அது இல்ல. பொட்டக் காட்டுல ஒத்த லாரி போற மாதிரி போவீங்க."

"இன்னொண்ணு?"

"அது வேஷக்காரன். யாரோ கடைல சேலை பாக்கற மாதிரி, சினிமா பாக்கற மாதிரி நடிச்சுட்டே போகும். ஒரு காலத்துல நல்லா ஏமாத்துச்சு. பாத்துப் பாத்து மீட்புக்கு இப்ப வேஷம் பழகிப்போச்சு. வேஷம் போட்டவனத்தான் மொதல்ல புடிக்குது." பெட்டியைச் சுவரில் மாட்டினார். "கடசியா இந்தப் பழசு. மெதுவாத்தான் போகும், வீடியோவெல்லாம் திக்கித் திக்கித்தான் வரும். ஆனா வீதில இருக்கற நாப்பது சொச்சம் பட்டறையும் இதுலதான் ஓடுது. கம்பெனிக்காரன் இது இல்லாட்டி வரைபடமே அனுப்ப மாட்டேங்கறான். அத்தன பேரும் ஒரே கேபிள்ல வெளிய போறாங்க. உங்களையும் அதுல உட்டுட்டா, எந்த லாரி உங்களுதுன்னு எவனுக்குத் தெரியும்?"

"கூட்டத்தோட கூட்டமா."

"ஆமா. பூட்டப் பாக்காதீங்கம்மா, கூட்டத்தப் பாருங்க. இதுல நம்மளக் காப்பாத்தறது அதுதான்."

அதோடு அவர் விடவில்லை. பட்டறைகள் சும்மா இருக்கும் நேரத்திலும் பெட்டிகள் சும்மா இருக்கக் கூடாதென்று, ஒன்றுமில்லாத வெறும் சரக்கை இரவும் பகலும் அனுப்பிக்கொண்டே இருக்கும்படி எல்லாவற்றையும் மாற்றி வைத்தார். ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எதற்கும் அவை வாய் மூடாது. நாச்சிமுத்து வீதிச் சங்கத்தின் தலைவர். போட்டிக் கம்பெனி வரைபடத்தைத் திருடாமல் இருக்க இப்படி ஓடினால் நல்லது என்று சங்கத்தில் சொல்லிச் சம்மதிக்க வைத்தார். முழுக்கப் பொய்யும் இல்லை.

ஷாநவாஸ் எல்லாவற்றையும் யோசித்தார். கரண்ட் போனால் என்ன செய்வது என்று ஒவ்வொரு பெட்டிக்கும் பாட்டரி வைத்தார். கேபிள் அறுந்தால் பூரணியின் இணைப்பும் சேர்ந்தே அறும், கவலையில்லை. குழாய் உடைந்தால் அந்தக் கணமே அவள் கம்ப்யூட்டர் இணையத்தை விட்டு வெளியே வந்துவிடும். "நீங்க யாரும் பெட்டியத் தொடவே வேண்டாம், அது பாட்டுக்கு ஓடும்" என்று வீதி முழுக்கச் சொல்லிவிட்டுப் போனார். ஏன் தொடக் கூடாதென்று அவர் சொல்லவில்லை. சொன்னால் பூரணியைப் பற்றியும் சொல்ல வேண்டி வருமே.

ஒரு வருஷம் அப்படியே ஓடியது. பூரணி தெருவில் கால் வைக்கவில்லை. ஜன்னலில் துணி காயப்போடுவதுகூட எபிதான். அவள் நிறம் வெளுத்தது, எபிக்குச் சிபி தேடி வருவதாக ஒரு கனவு அடிக்கடி வந்தது. ஆனால் இருவரும் உயிரோடு இருந்தார்கள். அது அந்தப் பெட்டியின் புண்ணியம் என்று நாச்சிமுத்து மனதார நம்பினார்.

அந்த நம்பிக்கைதான் வினையாகிப் போனது.

ஆயுத பூஜை வந்தது. லேத் வீதியில் அதற்கு மேல் ஒரு பண்டிகை கிடையாது. எந்திரங்களை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, பட்டை அடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, பொரியும் கடலையும் படைத்து அணைத்துவிடுவார்கள். விஜயதசமி காலையில் திரும்பப் பூஜை போட்டு எழுப்பும்வரை எவனும் சுவிட்சில் கை வைக்க மாட்டான். வருஷம் பூராவும் சோறு போட்டதற்கு ஒருநாள் ஓய்வு. குழாய்ப் பெட்டியை மட்டும் இத்தனை வருஷம் யாரும் ஆயுதமாகக் கணக்கில் எடுக்கவில்லை. அது மீட்டர் போர்டு மாதிரி ஒரு மூலையில் கிடந்தது.

இந்த வருஷம் நாச்சிமுத்துவுக்கு அது பொறுக்கவில்லை. சங்கக் கூட்டத்தில் எழுந்து, "ஸ்பேனருக்கெல்லாம் பொட்டு வெக்கறோம், ராப்பகலா நம்மளக் காவல் காக்கற பெட்டிக்கு ஒண்ணுமில்லையா? அதுவும் ஆயுதந்தானுங்களே" என்றார். எல்லோருக்கும் சரியாகத்தான் பட்டது. இத்தனை நாள் தோன்றாமல் போயிற்றே என்று சிலர் வருத்தப்பட்டார்கள்.

பூஜையன்று பகலில் நாச்சிமுத்து தன் பட்டறைப் பெட்டியைத் துடைத்து, சந்தனம் வைத்து, நடுவில் குங்குமம் இட்டு, மாடியில் பூரணியின் பெட்டி ஓடினால் போதுமென்ற எண்ணத்தில் சுவிட்சை அணைத்து, பாட்டரி ஒயரையும் கழற்றினார். பச்சை விளக்கு அணைந்தது. கீழே நின்று தேங்காய் உடைத்துக்கொண்டிருந்த எபி அதைப் பார்த்தான். ஒரு நிமிஷம் யோசித்தான். நாற்பதில் ஒன்றுதானே என்று விட்டுவிட்டான். அந்த நேரத்தில் வீதி முழுக்க ஒவ்வொரு பட்டறையிலும் ஒருவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

விருந்தாளிகள் வந்து போகும் நாள் என்பதால் பூரணி மாடிக்கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே இருந்தாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிக்கு ஆயுத பூஜை கிடையாது. வழக்கம்போல் அறிக்கைகள் வந்தன, வழக்கம்போல் திருத்தினாள். அவள் பெட்டியில் பச்சை விளக்கு ஒழுங்காக எரிந்தது. சாயங்காலம் வரைக்கும் மாரண்ணன் வீதியின் கேபிளில் போய் வந்தது அவள் ஒருத்தியின் சரக்கு மட்டும்தான்.

மீட்புக்கு அது போதுமானதாக இருந்தது. அங்கே எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடவில்லை, யாரும் உத்தரவிடவில்லை. தானாகத் தேடியது, தானாகப் பொருத்திப் பார்த்தது, தானாகப் பதிலை அனுப்பியது.

மறுநாள் காலை வீதியில் ஒரு பெண்மணி பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினாள். கையில் ஒரு கட்டைப்பை, இன்னொரு கையில் போன். போனில் பூரணியின் படம். எழுப்புப் பூஜைக்குத் தயாராகிக்கொண்டிருந்தவர்கள் அவள் கையில் பொரி கொடுத்து, தெரியாது என்று சொல்லி அனுப்பினார்கள். பாதிப் பேருக்கு உண்மையிலேயே தெரியாது. மீதிப் பேர் எபியின் மாடியில் ஒரு பெண் இருப்பதை ஊகித்திருந்தும் மறைத்தார்கள், அதற்காக அவர்களுக்கு என் கும்பிடு.

நாச்சிமுத்துவின் வாசலுக்கு வந்தபோது அவள் படத்தைக்கூடக் காட்டவில்லை. "என்ற பொண்ணுங்க" என்றாள். "ஒருக்கா கண்ணுல பாத்துட்டுப் போயிர்றனுங்க. நான் மட்டுந்தான் வந்திருக்கறன்."

நாச்சிமுத்து வாசலுக்கு வந்து தெருவின் இரு முனைகளையும் பார்த்தார். சந்தேகப்படும்படி ஒன்றுமில்லை. மூன்று பெண்களைப் பெற்றவர் அவர். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல அவரால் முடியவில்லை. "வாங்க" என்று முன்னால் படியேறினார்.

கதவைத் திறந்த பூரணி முதலில் பயந்தாள், அப்புறம் அழுதாள். கலாமணி மகளின் கன்னத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். "இப்புடி வெளுத்துப் போயிட்டயே சாமி. வெயிலே படறதில்லையா?" பையிலிருந்து தூக்குப்போசியை எடுத்தாள். விடிகாலையில் எழுந்து செய்த அரிசிம்பருப்பு சோறு இன்னும் கொஞ்சம் சூடாக இருந்தது. எபி மூலையில் நின்றான், உட்காருவதா வெளியே போவதா என்று தெரியாமல். கலாமணி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

"நல்லாருக்கீங்களா மாப்ள?"

எபி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இருங்கத்தை, முனைக்கடைல டீ நல்லாருக்கும், வாங்கிட்டு வர்றன்" என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினான். அவனை அவ்வளவு சந்தோஷமாகப் பூரணி அந்த வீதியில் பார்த்ததே இல்லை.

அவன் போன சற்று நேரத்தில் ஷாநவாஸ் வந்தார். முந்தின நாள் பாலக்காட்டில் வேலை. வருஷா வருஷம் விஜயதசமிக்கு வந்து நாச்சிமுத்துவிடம் பொரி வாங்கிக்கொண்டு போவது அவர் வழக்கம். மாடியிலிருந்து இறங்கி வந்த நாச்சிமுத்து பொரியைக் காகிதத்தில் கட்டிக்கொண்டிருந்தபோது ஷாநவாஸின் பார்வை மீட்டர் போர்டு பக்கம் போனது.

"அண்ணா, இதென்ன, எரியல?"

"பூச போட்டிருக்குதுங்க பாய். இன்னிக்கு எழுப்பிருவோம்."

"தொடாதீங்கன்னு சொன்னேனே!"

"வருசம் பூரா ஓடுது, பாவம். ஒருநா ரெஸ்ட் குடுக்காம எப்புடிங்க?"

"இது ஒண்ணு மட்டும்தானே?" ஷாநவாஸின் குரல் இறங்கிப்போயிருந்தது.

"எல்லாப் பட்டறையுந்தான். சங்கத்துல நாந்தான் சொன்னேன்" என்றார் நாச்சிமுத்து, கொஞ்சம் பெருமையாகவே. ஷாநவாஸ் அவரைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லாமல் மாடிக்கு ஓடினார்.

"பூரணிம்மா, நேத்து வேல பாத்தீங்களா?"

"ஆமாங்கண்ணா, சாயங்காலம் வரைக்கும். ஏன்?"

அப்போதுதான் அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார். "இவங்க?"

"எங்கம்மா."

"உங்களுக்கு இந்த எடம் எப்படிம்மா தெரிஞ்சுது?"

கலாமணி வெள்ளந்தியாகச் சொன்னாள். "மீட்புலதானுங்க. எங்கூட்டுக்காரரு கேக்க மாட்டேன்னுட்டாரு. ஓடிப்போனவள அரசாங்கத்துகிட்ட எழுதிக் குடுத்து ஊரச் சிரிக்க வெக்கறதான்னு. பையன் ஆள உட்டுத் தேடுனான், கெடைக்கல. நான் ஆருக்கும் தெரியாம என்ற போனுல மாசாமாசம் கேட்டுட்டே இருந்தனுங்க. இல்ல, இல்லைன்னே வந்துச்சு. நேத்து சாயங்காலந்தான் வீதி பேரு வந்துச்சு. ஊடு எதுன்னு வரல. அதான் ஒவ்வொரு வாசலா கேட்டுட்டே வந்தேன்."

ஷாநவாஸ் போனை வாங்கிப் பார்த்தார். பதிலுக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது. அதை உரக்கப் படித்தார். "கண்டறியப்பட்ட தகவல், சட்டப்படி குடும்பத்தினர் அனைவருக்கும் ஒரே நேரத்தில் அனுப்பப்பட்டுள்ளது."

பூரணி கையிலிருந்த சோற்றுத் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்படியெல்லாம் இருக்காதுங்க" என்றாள் கலாமணி. "அவனுக்குத் தெரிஞ்சிருந்தா நேத்தே வானத்துக்கும் பூமிக்கும் குதிச்சிருப்பானே. அப்பனும் மகனும் அமைதியாச் சோறு உண்டுபோட்டுப் படுத்தாங்க. காலைல கோயலுக்குப் போறன்னு சொன்னதுக்குக்கூட, போயிட்டு வாம்மான்னுதான் சொன்னான்."

"அவங்களுக்கு வீதி தெரிஞ்சிருச்சும்மா. கதவு தெரியல" என்றார் ஷாநவாஸ் மெதுவாக. "அவங்க வந்து கேட்டா இங்க எவனும் காட்டிக் குடுக்க மாட்டான்."

பூரணி அம்மாவின் இரண்டு தோள்களையும் பிடித்தாள். "அம்மா, நீ வரும்போது பின்னால ஆராச்சும் வந்தாங்களா? நல்லா நெனச்சுப் பாத்துச் சொல்லு."

கலாமணி யோசித்தாள்.

"பஸ்ஸுக்குப் பின்னால நம்ம வண்டியாட்டம் ஒண்ணு வந்துட்டே இருந்துச்சு சாமி. நம்ம வண்டியா இருந்தா என்னையும் ஏத்தியிருப்பாங்களேன்னு நெனச்சுபோட்டேன்."

பூரணி செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினாள். கீழே நாச்சிமுத்து பெட்டியில் பாட்டரி ஒயரைத் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். வீதி நெடுக மணியடித்துக் கற்பூரம் காட்டி எந்திரங்களை எழுப்பிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பட்டறையாக உறுமல் கிளம்பியது. ஒரு வருஷத்தில் முதல் முறையாக அவள் அந்தத் தெருவில் வெயிலில் ஓடினாள். இது யார் என்று ஆட்கள் வாசலுக்கு வந்து பார்த்தார்கள்.

முனைக்கடையில் எபி இல்லை. பெஞ்சு காலியாக இருந்தது. டீக்கடைக்காரர் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எபி வந்தாரா? நாச்சிமுத்து பட்டறை எபி?"

"அட, இப்பத்தானுங்க அம்மிணி. ரெண்டு பேரு வண்டில வந்தாங்க. மாப்ளைன்னு தோள்ல கையப் போட்டு அவங்ககூடவே ஏத்திட்டுப் போயிட்டாங்க. சொந்தக்காரங்கதானுங்களே? டீக்குக்கூட அவங்களே குடுத்துட்டாங்க." அவர் உள்ளிருந்து ஒரு பார்சல் பையை எடுத்து அவளிடம் நீட்டினார். "இந்தாங்க, கையோட கொண்டுபோயிருங்க. ஆறிப் போயிரும்."